ஏட்டினின்று அச்சிற்கு: சாமிநாதையர் சரிதம்

மாடம்பாக்கம் முதலிய ஊர்களினின்று நம் கல்லூரிக்கு வரும் மாணவர் இந்நாளில் புறநானூற்றைக் கைப்பேசியிலேயே படிக்கக் காண்கின்றோம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் இஃது எளிதாயிற்று. ஆயினும் அந்நூல் நம் கைக்கு வந்த வழியை அறியாதிருத்தல் நமக்கு அழகன்று. ஆதலின் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

உத்தமதானபுரத்தைச் சார்ந்த குடும்பத்தில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் தோன்றிய ஐயரவர்கள் பழைய முறையிலேயே கல்வி கற்றார். திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்து, பின்னர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து, 1876இல் அப்பெரியார் மறையுமளவும் உடனிருந்து பாடங்கேட்டார். ஆசிரியர் சொல்வதைச் செவியால் ஏற்று, ஏட்டில் எழுதி, மனத்தில் இருத்துவதே அக்கல்வியின் இயல்பு.

1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். அவ்வாண்டில் அவ்வூருக்கு முனிசீபாய் வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவினார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் பலவாகக் கற்றிருந்த ஐயர், இல்லையென்றே விடை கூற நேர்ந்தது. தாம் கற்ற கல்வியிலும் ஒரு குறையுண்டென்பதை அன்று உணர்ந்தார். வழிவழியாகப் பாடஞ்சொல்லப்பெறாத பழைய நூல்கள் மறக்கப்பட்டிருந்தன. அவற்றின் ஏடுகளோ செல்லுக்கு இரையாகிக் கொண்டிருந்தன.

முதலியார் அளித்த பிரதியைப் பிரித்தபோது, அதிலுள்ள சமண சமயச் செய்திகள் அவருக்கு விளங்கவில்லை. ஐயர் நாணி ஒதுங்கினாரல்லர். அந்நூலை இடையறாது படித்துவந்த கும்பகோணத்துச் சமணர்களின் இல்லஞ்சென்று, அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். ஊர்தோறும் ஏடு தேடிப் பாடங்களை ஒப்புநோக்கினார். 1887இல் சிந்தாமணி அச்சாயிற்று. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். மறுவாண்டு அவர் பெயரால் நிறுவிய நூல்நிலையம், இன்று பெசன்ட் நகரில் அவர் தொகுத்த ஏடுகளைக் காத்து வருகின்றது.

ஆப்பிரிக்காவிலும் இத்தகைய தொண்டு நிகழ்ந்துள்ளது. மாலி நாட்டுத் திம்புக்டு நகரத்தின் பழஞ்சுவடிகள், 2012இல் போருக்கஞ்சி மறைவாகப் பமாகோவிற்குக் கொணரப்பட்டு, பின்னர் மின்படங்களாகவும் ஆக்கப்பட்டன. போற்றத்தக்க செயலே. எனினும் ஐயரவர்களின் சரிதம் நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. எழுத்தைக் காக்க அச்சுப்பொறி போதும், கணிப்பொறியும் போதும். பொருளைக் காக்கச் சொல்வாரும் கேட்பாரும் வேண்டும். அச்சமணர்கள் படிப்பதை விட்டிருப்பின், சிந்தாமணி அச்சேறியும் பல இடங்களில் பொருள் மறைந்தே கிடந்திருக்கும்.

ஆதலின் நம் மாணவர்கள் ஏடுகளைப் படமெடுப்பதோடு நில்லாது, தத்தம் ஊர் முதியோரிடம் அமர்ந்து அவர்கள் அறிந்தவற்றையும் கேட்டறிவார்களாக. அவர்கள் மறைந்தபின் கேட்க எக்கருவியாலும் இயலாது.