கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்

நம் ஆலய உற்சவங்களிலே ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கினால், ஔவையின் குரலில் முருகனை அழைக்கும் அந்தக் கம்பீரமான சாரீரம் எழாமல் இராது. அக்குரலுக்குரிய அம்மையாரின் வாழ்க்கையில் நம் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு என்பதை இளைஞர் பலர் அறியார்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்த வறிய குடும்பம். ரயிலிலே பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலைக் கேட்டு வியந்த எப். ஜி. நடேச ஐயர் என்ற ரயில்வே அதிகாரியே அவரை நாடகத்துக்குக் கொண்டுவந்தார் என்பர். வேலு நாயர் கம்பனியில் சேர்ந்து, பால வேடங்களிலிருந்து படிப்படியாக உயர்ந்தார்.

1926-இல் அவர் கொழும்பிலே நடித்துக்கொண்டிருந்தார். தோட்டங்களுக்கு நம் முன்னோர் கடந்துவந்த அதே கடலைக் கடந்துதான் நாடகக் கம்பனிகளும் அன்று இங்கு வந்தன. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் அவ்வாண்டு கொழும்பு வந்தார். கிட்டப்பாவின் சாரீரத்துக்கு முன் எந்த நடிகையும் நிற்க முடியாதென்று பலர் அம்மையாரை எச்சரித்தனர். அவரோ அஞ்சவில்லை. வள்ளி திருமணத்தில் இருவரும் பாடிய பாட்டுக்கு வாழ்க்கையிலும் ஒரு வள்ளி திருமணம் பிறந்தது. 1927-இல் இருவரும் இணைந்தனர்.

ஆனால் அந்த வாழ்வு நிலைக்கவில்லை. கிட்டப்பா முன்னரே மணமானவர், மதுப்பழக்கமும் அவரைப் பற்றியது, பிரிவும் வந்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி, இருபத்தேழே வயதில் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. நகைகளைக் களைந்து வெள்ளைச் சேலை உடுத்தினார். ஆடவருடன் இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதிகொண்டார். நாடகக்காரியை ஏளனமாய்ப் பார்த்த அக்காலத்துச் சமூகம், இந்த வைராக்கியத்தைக் கண்டு வாயடைத்துப் போயிற்று.

மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவரை மீண்டும் வெளியே அழைத்து வந்தவர்களுள் தேசபக்தர் சத்தியமூர்த்தி முக்கியமானவர். 1935-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் அம்மையார் ஆண் வேடமேற்று நந்தனாராகவே தோன்றினார். விரதமும் கெடவில்லை! ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். ஒரு பவுன் 30 ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது. எந்த ஆண் நடிகரும் பொறாமைப்படக்கூடிய தொகை. 1940-இல் 'மணிமேகலை' வந்தது. காங்கிரஸ் மேடைகளிலும் அவர் குரல் ஊரூராய் ஒலித்தது.

ஜெமினி வாசன் 1953-இல் வெளியிட்ட 'ஔவையார்' அவர் புகழின் சிகரம். 1958-இல், காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், வசனம் மு. கருணாநிதியுடையது. பழுத்த காங்கிரஸ்காரரும் முருக பக்தருமான அம்மையார் அதில் நடித்தது அன்று பலருக்கு வியப்பு. கலைக்குக் கட்சி ஏது? மறுவருடம் 'திருவிளையாடல்', 1967-இல் 'கந்தன் கருணை'. 1969-இல் வந்த 'துணைவன்' படப் பாடலுக்குத் தேசிய விருது பெற்றபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் தளரவில்லை. 1970-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

1980-இல் அம்மையார் காலமானார். கிட்டப்பா மறைந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்வளவு காலமும் அவர் வெள்ளைச் சேலையை மாற்றவில்லை.