பந்தயத் திடலின் கோடீஸ்வரி: டோரதி பேஜட்டும் அவரை ஏமாற்றிய குதிரைகளும்

1935ஆம் ஆண்டு மார்ச் 29. இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்கு அருகே உள்ள எய்ன்ட்ரீ திடலில் கிராண்ட் நேஷனல் பந்தயம். கோல்டன் மில்லர் என்ற குதிரை மீது நாடே பணம் கட்டியிருந்தது. 1 பவுண்டு கட்டினால் 2 பவுண்டு மட்டுமே லாபம் என்ற நிலைக்கு விலை இறங்கியிருந்தது. ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தூரம், 30 தடைகள், பெருங்கூட்டமாக ஓடும் குதிரைகள். இப்படிப்பட்ட போட்டியில் ஒரு குதிரை மீது இவ்வளவு நம்பிக்கை வைப்பது அதற்கு முன்பு நடந்ததில்லை. அதற்குப் பின்பும் நடக்கவில்லை.

முதல் சுற்று முடிவதற்குள்ளேயே கதை முடிந்தது. வேலண்டைன்ஸ் எனப்படும் தடையைக் கடந்து, அடுத்த பள்ளத் தடையை நெருங்கியபோது குதிரை தயங்கியது. கோணலாகத் தாண்டியது. ஜாக்கி ஜெரி வில்சன் தரையில் கிடந்தார்.

அந்தக் குதிரையின் உரிமையாளர் 30 வயதுப் பெண்மணி. பெயர் டோரதி பேஜட்.

1905 பிப்ரவரி 21ஆம் தேதி பிறந்தவர். தந்தை பின்னாளில் குவீன்பரோ பிரபு என்று பட்டம் பெற்றவர். தாய் அமெரிக்காவின் விட்னி குடும்பத்தைச் சேர்ந்தவர். தாயின் தந்தை அமெரிக்கக் கடற்படைத் துறை அமைச்சராக இருந்தவர். டோரதிக்கு 11 வயதானபோது தாய் இறந்துபோனார். கணக்கற்ற சொத்து மகள்களுக்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் இந்தப் பெண்ணை வைத்துச் சமாளிக்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே அனுப்பின. கடைசியில் பாரிஸில் ரஷ்யப் பிரபு குடும்பத்துப் பெண்மணி ஒருவர் நடத்திய பள்ளியில்தான் அவர் மனம் ஒட்டியது. அந்த நன்றியை அவர் மறக்கவே இல்லை. ரஷ்யப் புரட்சியில் எல்லாவற்றையும் இழந்து பிரான்சுக்கு ஓடிவந்த முதியவர்களுக்காக, பாரிஸுக்கு அருகே செயின்ட் ஜெனவியேவ் தே புவா என்ற ஊரில் 1927இல் ஓர் இல்லம் அமைத்துக் கொடுத்தார். முரட்டுக் குணக்காரி என்று பெயரெடுத்த பெண்மணிக்குள் இப்படியும் ஒரு பக்கம் இருந்தது.

பணம் பலவழிகளில் பறந்தது. பந்தயக் கார் ஓட்டுநர் ஹென்றி பர்க்கினின் பென்ட்லி கார் அணிக்குச் செலவழித்தவரும் இவரே. ஆனால் கடைசிவரை அவரைப் பிடித்து வைத்திருந்தது குதிரைப் பந்தயம்தான். அதிலும் குறிப்பாகத் தடைதாண்டும் பந்தயம்.

ஈப்போ, சிலாங்கூர் பந்தயத் திடல்களை அறிந்த நம்மவர்களுக்கு இந்தப் பந்தயம் சற்றுப் புதிது. இங்கே ஓடுவது சமதளப் பந்தயம். அங்கே குளிர்காலத்தில், சேற்றிலும் உறைபனிக்கு நடுவிலும், வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டி ஓட வேண்டும். கோடை முழுவதும் மேய்ச்சல் நிலத்தில் புல் மேய்ந்து வயிறு வைத்த குதிரைகள் இலையுதிர் காலத்தில் திடலுக்குத் திரும்புகின்றன. முதல் ஓட்டத்தில் தோற்ற குதிரை உண்மையிலேயே மந்தமானதா, அல்லது உடல் இறுகவில்லையா? வென்ற குதிரை நல்லதா, அல்லது எதிரிகள்தான் தயாராகவில்லையா? பருவத் தொடக்கத்தில் இதற்கு விடை சொல்பவன் கெட்டிக்காரன். பெரும்பாலோர் தவறாகவே சொல்வார்கள்.

கோல்டன் மில்லரே இதற்கு நல்ல சாட்சி. 1927இல் அயர்லாந்தில் பிறந்த இந்தக் குதிரையைப் பயிற்றுநர் பேசில் பிரிஸ்கோ நேரில் பார்க்காமலேயே 500 கினிக்கு வாங்கினார். வந்து இறங்கியபோது நனைந்த, கரடுமுரடான ரோமத்தோடு பார்க்கவே பரிதாபமாக இருந்தது. 1930 செப்டம்பரில் சவுத்வெல் திடலில் ஓடவிட்டார். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. வேட்டைக்குக் கொண்டுபோனார், அங்கேயும் சோம்பல். பிரிஸ்கோ ஏமாந்துபோனதாகவே நினைத்தார். அந்த இலையுதிர் காலத்தோடு குதிரையைத் தள்ளிவிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. குளிர்காலம் முற்ற முற்றத்தான் குதிரை விழித்துக்கொண்டது.

1931இல் டோரதி அதை வாங்கினார். கோல்டன் மில்லருக்கும் இன்சூரன்ஸ் என்ற இன்னொரு குதிரைக்கும் சேர்த்துக் கொடுத்தது 12,000 பவுண்டு. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஆனாலும் அவர் வாழ்நாளில் செய்த மிக மலிவான வியாபாரம் அதுதான் என்று சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் 1932, 1933 இரண்டு ஆண்டுகளிலும் சாம்பியன் ஹர்டில் பந்தயத்தை வென்றது. கோல்டன் மில்லர் செல்ட்னம் கோல்ட் கப்பை 1932 முதல் 1936 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றது. அந்தச் சாதனையை இன்றுவரை எந்தக் குதிரையும் எட்டவில்லை.

அதிகப் பணம் கொடுத்து வாங்கியவை அவரைக் கைவிட்டன. 6,600 கினி கொடுத்து வாங்கிய டப்பென்ஸ் என்ற குட்டி 1933 டெர்பி பந்தயத்தில் ஓடியது. உரிமையாளர் பெயரை நம்பியே மக்கள் பணத்தைக் கொட்டினார்கள். 19ஆவது இடம். அடுத்து 15,000 கினிக்கு கர்னல் பெய்ன் என்ற குட்டி. அதுவும் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. விலையும் வம்சமும் வேகத்தைச் சொல்லிவிடும் என்று நம்பியவர்களில் டோரதியும் ஒருவர்.

கோல்டன் மில்லர் 1933 கிராண்ட் நேஷனலிலும் ஃபேவரிட்தான். அதில் ஜாக்கியைத் தள்ளிவிட்டது. மறு ஆண்டு, 1934இல், சுமார் 77 கிலோ எடையைச் சுமந்துகொண்டு ஓடி, 9 நிமிடம் 20.4 வினாடியில் புதிய சாதனையோடு வென்றது. ஒரே ஆண்டில் கோல்ட் கப்பையும் கிராண்ட் நேஷனலையும் வென்ற குதிரை வேறு எதுவும் இல்லை.

1935க்கு வருவோம். எய்ன்ட்ரீ பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு செல்ட்னம் திடலில் கோல்டன் மில்லருக்கும் தாமண்ட் என்ற குதிரைக்கும் கடும் போட்டி. தாமண்டின் உரிமையாளர் ஜாக் விட்னி, டோரதிக்குத் தாய்வழி உறவினர். கடைசித் தடை தாண்டியும் இரண்டும் தோளோடு தோள் ஓடின. முக்கால் உடல் நீளத்தில் கோல்டன் மில்லர் வென்றது. பார்த்தவர்கள் அதை மிகச் சிறந்த ஓட்டம் என்றார்கள். விலை இன்னும் இறங்கியது. அந்த ஓட்டம் குதிரையின் உடம்பிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று கேட்டவர்கள் குறைவு.

எய்ன்ட்ரீயில் குதிரை தயங்கியதும் வதந்திகள் பறந்தன. கால்நடை மருத்துவர்கள் பார்த்தார்கள். குறை எதுவும் தென்படவில்லை. மறுநாளே அதே திடலில் வேறொரு போட்டியில் இறக்கினார்கள். முதல் தடையிலேயே ஜாக்கி மீண்டும் விழுந்தார். ஆத்திரத்தில் இருந்த டோரதிக்கும் பிரிஸ்கோவுக்கும் வாக்குவாதம் முற்றியது. குதிரைகளை அழைத்துப் போய்விடும்படி பிரிஸ்கோ சொல்லிவிட்டார். நாட்டின் மிகச் சிறந்த குதிரை அவர் லாயத்தைவிட்டுப் போனது.

யார் மீது தவறு? குதிரையே பதில் சொன்னது. 1936இல் புதிய பயிற்றுநர் ஓவன் அந்தனி, புதிய ஜாக்கி. கோல்ட் கப்பை வழக்கம்போல் வென்றது. ஆனால் எய்ன்ட்ரீயில் முதல் தடையில் விழுந்து, மீண்டும் ஏறி ஓட்டியும், அதே பள்ளத் தடைக்கு முன் நின்றுவிட்டது. 1937இலும் அதே இடம், அதே மறுப்பு. பயிற்றுநரும் அல்ல, ஜாக்கியும் அல்ல. அந்தத் திடல் குதிரைக்குப் பிடிக்கவில்லை. 1934 வெற்றியைப் பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் பிரிஸ்கோ இழக்க வேண்டியதை இழந்துவிட்டார்.

டோரதியிடம் வேலை பார்ப்பது எளிதல்ல. பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். நள்ளிரவில் பயிற்றுநர்களைத் தொலைபேசியில் அழைத்து மணிக்கணக்கில் குதிரைகளைப் பற்றிக் கேட்பார். பகலில் நடந்து முடிந்த பந்தயங்களுக்கு அவர் இரவில் பணம் கட்டுவதையும் புக்கி ஒருவர் ஏற்றுக்கொண்டார். முடிவு தெரியாமல்தான் கட்டுகிறார் என்ற நம்பிக்கை. கட்டியவற்றில் பெரும்பாலும் தோற்றார் என்பதால் அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. எந்த வானிலையிலும் அதே பழைய நீண்ட கோட்டு. கோடிக்கணக்கான சொத்துக்காரி என்று யாரும் சொல்ல முடியாது.

வெற்றிகளுக்கும் குறைவில்லை. போர்க்காலத்தில், 1943இல், ஸ்ட்ரெய்ட் டீல் என்ற குதிரை அவருக்கு டெர்பியை வென்று தந்தது. விலைகொடுத்து வாங்கியதல்ல, அவர் பண்ணையிலேயே பிறந்தது. 1948 செப்டம்பரில், பருவம் தொடங்கிய கையோடு, போக்ஸ்டன் திடலில் ஒரே நாளில் அவருடைய ஐந்து குதிரைகள் வென்றன. 1952இல் மாண்ட் ட்ராம்ப்ளான் மூலம் கோல்ட் கப் ஏழாவது முறையாக அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு அதே குதிரை கிராண்ட் நேஷனலில் இரண்டாவதாக வந்தது. 1934க்குப் பிறகு அந்தப் பந்தயம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

கோல்டன் மில்லர் எசெக்ஸ் பகுதியில் இருந்த அவருடைய எல்சனம் பண்ணையில் ஓய்வாக வாழ்ந்து 1957இல் இறந்தது. 1960 பிப்ரவரி 9ஆம் தேதி, 55ஆவது பிறந்தநாளுக்கு 12 நாள் முன்பு, மாரடைப்பால் டோரதி காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. செல்ட்னம் திடலில் கோல்டன் மில்லருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. செயின்ட் ஜெனவியேவில் அவர் அமைத்த இல்லத்து முதியவர்களை அடக்கம் செய்யத் தொடங்கிய இடம், இன்று ஆயிரக்கணக்கான ரஷ்யர்கள் உறங்கும் பெரிய இடுகாடாக இருக்கிறது.