அர்ச். தோமாஸ் மூரின் வம்சம்

உங்கள் பாட்டனார் பிறந்த தேதியை அறிய வேண்டுமானால் எங்கே போவீர்கள்? பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பீர்கள். வேதசாட்சியான அர்ச். தோமாஸ் மூர் லண்டனில் பிறந்த காலத்தில், இங்கிலாந்தில் அவ்விதம் எழுதிவைக்கும் கட்டளை இல்லை. 1538-ம் ஆண்டில்தான் அது பிறந்தது. பிறப்பித்தவர் தோமாஸ் கிராம்வெல். மூரைச் சிறையில் விசாரணை செய்த மந்திரியும் இவரே!

ஆனால் மூரின் தகப்பனார் ஜான் மூர் சட்டம் படித்தவர்; எதையும் எழுதிவைக்கிறவர். தம்மிடமிருந்த பழைய கையெழுத்துப் புத்தகமொன்றின் ஏட்டில் தம் விவாகத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் குறித்தார். அந்தப் புத்தகம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கிடந்து, 1868-ல்தான் கற்றோர் கண்ணில் பட்டது. நாலாம் எட்வர்டு அரசனின் 17-ம் ஆண்டு, பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, அதிகாலை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மகன் தோமாஸ் பிறந்தான் என்று அதில் கண்டிருக்கிறது. கணக்குப் பாருங்கள்: அரசனின் ஆண்டுப்படி அது 1478. அவ்வருஷம் பிப்ரவரி 7 சனிக்கிழமை! 1477-லோ வெள்ளிக்கிழமை. மணியைக்கூட மறவாத தகப்பனார் எதிலோ தவறிவிட்டார். வாதம் இன்னும் ஓயவில்லை.

பிறந்த நாளில் சந்தேகம் உண்டு. இறந்த நாளில் இல்லை. 1529-ல் நாட்டின் பிரதான நீதிபதியாகி, 1532-ல் பதவியை விட்டவர், 1534-ல் எட்டாம் ஹென்றி அரசன் கேட்ட சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்தார். 1535 ஜூலை 6-ல் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருடைய செல்வ மகள் மார்கரெட் அந்தப் பிரமாணத்தைச் செய்தாள். சிறைக்கு வந்து தகப்பனையும் செய்யும்படி மன்றாடினாள். அவர் அசையவில்லை. மகள்மேல் வைத்த அன்பும் குறையவில்லை. லண்டன் பாலத்தில் கழுவில் ஏற்றப்பட்டிருந்த அவரது சிரசைப் பின்பு மீட்டெடுத்தவளும் அவளே. அது காண்டர்பரி நகரில், அர்ச். டன்ஸ்டன் கோவிலில், அவள் கணவனாகிய ரோப்பர் குடும்பத்தாரின் கல்லறையில் இருக்கிறது.

மூரின் ஒரே மகன் ஜான், யார்க்ஷயரைச் சேர்ந்த ஆன் கிரெசக்கரை மணந்தார். அவர்கள் மகனுக்கும் பாட்டனின் பெயரே. கத்தோலிக்க வேதத்தை விடாததால் இந்தத் தோமாஸ் 1582-ல் சிறைப்பட்டார். இவருடைய மகன் கிரெசக்கர் மூர், தம் கொள்ளுத்தாத்தாவின் சரித்திரத்தை எழுதினார். அவர் மகள் ஹெலன், தாய்நாட்டில் கன்னியர் மடங்களுக்கு இடமில்லாததால், இன்று பிரான்சு தேசத்திலுள்ள காம்பிரே நகர் சென்று ஜெர்ட்ரூடு என்னும் பெயரோடு பெனடிக்டு சபைக் கன்னியாஸ்திரீயானாள். அம்மடத்தை ஏற்படுத்தத் தகப்பனே பொருள் தந்தார். 27 வயதில், 1633-ல் அவள் இறந்தாள். அந்தச் சபைக் குடும்பம் ஸ்டான்புரூக் மடமாக இன்றும் ஜீவிக்கிறது, இருப்பதும் யார்க்ஷயரிலேயே.

ஆண் வழியில் கடைசியாக நின்றவர் சேசு சபைக் குருவான இன்னொரு தோமாஸ் மூர். 1773-ல் பாப்பானவர் சபையைக் கலைத்தபோது, இங்கிலாந்து மாகாணத்தின் அதிபராயிருந்தவர் இவர். 1795-ல் இவர் இறந்தார். அப்போது இவருடைய சகோதரி, புரூஜ் நகரத்து ஆங்கிலக் கன்னியர்களுக்குத் தலைவியாயிருந்தாள்.