ஆசான்களைத் தேடிய அசுதோஷ் முகர்ஜி

ஒரு கல்லூரியை எழுப்ப நிலம் வேண்டும், பொருள் வேண்டும், கருவிகளும் வேண்டும். இவையனைத்தும் சேர்ந்த பின்னரும், கற்பிக்க வல்ல ஆசான் வந்து அமராவிடில் அது வெறுங் கட்டடமாகவே நிற்கும். ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த நமக்கு இது பட்டறிந்த உண்மை. இதனை நன்குணர்ந்து, தக்க அறிஞரைத் தேடி அழைத்து வந்த சர் அசுதோஷ் முகர்ஜியின் வாழ்வை இவ்விதழில் காண்போம்.

அசுதோஷ் 1864 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே கணிதத்தில் பேரார்வம் கொண்டார். மாணவராக இருக்கும்போதே கணித ஆய்வுக் கட்டுரை எழுதி இங்கிலாந்து இதழில் வெளிவரச் செய்தார். கணிதம், இயற்பியல் ஆகிய இரண்டிலும் முதுகலைப் பட்டம் பெற்றார். கணித ஆராய்ச்சியிலேயே வாழ்வைக் கழிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆயின் அந்நாளில் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதோடு நின்றன. அரசுக் கல்லூரிகளிலோ உயர்நிலைப் பதவிகள் ஐரோப்பியருக்கே பெரும்பாலும் உரியனவாக இருந்தன. வேறு வழியின்றி அசுதோஷ் 1888-இல் வழக்கறிஞரானார். 1904-இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியானார்.

தமக்குக் கிட்டாத அந்த வாழ்வு பின்வரும் இளைஞருக்கேனும் கிட்ட வேண்டும் என்று அவர் எண்ணினார் போலும். 1906-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பு அவரிடம் வந்தது. நீதிமன்றப் பணியோடு இப்பணியையும் எட்டு ஆண்டுகள் சுமந்தார். அவர்மீது கொண்ட நம்பிக்கையால் தாரக்நாத் பாலித், ராஸ்பிகாரி கோஷ் என்னும் இரு வழக்கறிஞர்கள் தாம் ஈட்டிய பெருஞ்செல்வத்தை அறிவியல் கல்விக்கு வழங்கினர். அப்பொருளால் அமையும் பேராசிரியர் பதவிகள் இந்தியருக்கே உரியவை என்றும் விதித்தனர். 1914 மார்ச் 27 அன்று அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இனி ஆசான்கள் வேண்டுமே! வேதியியலுக்கு அசுதோஷின் நெஞ்சில் முதலில் தோன்றியவர் பிரபுல்ல சந்திர ராய். எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ராய், 1889 முதல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பணியாற்றி வந்தார். உலகம் போற்றும் ஆய்வுகள் செய்தும், அரசுப் பணியின் உயர்நிலை வகுப்பில் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1912-இல் ராய் லண்டனில் இருந்தபோதே அசுதோஷின் அழைப்பு அவரை எட்டியது. அவர் மகிழ்ந்து இசைந்தார். 1916-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் புதிய கல்லூரியில் பாலித் பேராசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 55. பிறர் இளைப்பாற நினைக்கும் பருவத்தில் அவர் புதுப்பணி தொடங்கினார். மணம் புரியாத அவர், கல்லூரியிலேயே ஓர் அறையில் எளிமையாக வாழ்ந்தார். 60 வயது நிறைந்த பின்னர்த் தம் ஊதியத்தையும் வேதியியல் துறைக்கே விட்டுக்கொடுத்தார்.

இயற்பியலுக்கு அசுதோஷ் தேர்ந்தவர் கல்லூரி ஆசிரியரே அல்லர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், அரசு நிதித்துறையில் உயர் அலுவலராக இருந்தார். அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்து வந்தார். அக்கழகத்தோடு நெடுநாள் தொடர்பு கொண்ட அசுதோஷ் இந்த இளைஞரின் திறனைக் கண்டுகொண்டார். புதிய பதவியின் ஊதியமோ நிதித்துறையில் கிடைத்ததில் ஏறத்தாழப் பாதியே. இராமன் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் பேராசிரியராக வருபவர் அயல்நாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்றொரு விதி குறுக்கே நின்றது. அதற்கு அவர் இணங்க மறுத்தார். அசுதோஷ் ஆளை விடவில்லை. விதியைத் தளர்த்தச் செய்தார். 1917-இல் இராமன் பொறுப்பேற்றார். பயிற்சிக்காகக் கடல் கடக்க மறுத்த அவரே, 1921-இல் பல்கலைக்கழகத்தின் பேராளராக இங்கிலாந்து சென்றார். அப்பயணத்தில் கண்ட கடலின் நீல நிறம் அவர் ஆய்வுக்குப் புதுவழி காட்டியது.

மூத்தோரை அழைத்ததோடு அசுதோஷ் நிற்கவில்லை. அப்போதுதான் படிப்பை முடித்திருந்த சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா ஆகியோரையும் விரிவுரையாளராக்கினார்.

அவரைக் குறை கூறியோரும் உண்டு. துறைகளை விரைந்து பெருக்கியதால் பல்கலைக்கழகம் பணமுடையில் வருந்தியது மெய்யே. அரசின் உதவியும் போதவில்லை. 1921-இல் மீண்டும் துணைவேந்தரான அவருக்கு, 1923-இல் நிபந்தனைகளோடு அப்பதவியை நீட்டிக்க வங்காள ஆளுநர் முன்வந்தார். பல்கலைக்கழகத்தின் உரிமையை விட்டுக்கொடுக்க விரும்பாமல் அசுதோஷ் அதனை மறுத்துவிட்டார்.

1924 மே 25 அன்று, வழக்கொன்றின் பொருட்டுச் சென்றிருந்த பாட்னாவில் அவர் காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் இராமன் விளைவு கண்டறியப்பட்டது; 1930-இல் நோபல் பரிசு வந்தது. அவற்றைக் காண அவர் இல்லை.

நம் குடும்பங்களில் பள்ளிகளையும் அறக்கட்டளைகளையும் நடத்துவோர் பலர் உளர். கட்டட நிதிக்குக் காட்டும் முயற்சியில் ஒரு பகுதியையேனும் நல்ல ஆசிரியரைத் தேடுவதிலும், அவரை மதித்துப் போற்றுவதிலும் அவர்கள் செலுத்துவார்களாக.