முஸ்லிம் நேசன் கண்ட அறிஞர் சித்திலெப்பை

அச்சுத் தொழிலோடு தொடர்பில்லாத தெரு நம் விருதுநகர் மாவட்டத்தில் அரிது. சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகளும் நோட்டுப் புத்தகங்களும் தீப்பெட்டி லேபிள்களும் நாம் அன்றாடம் கையாளும் பொருள்கள். அச்சு இத்துணை எளிதாகிவிட்ட இக்காலத்தில், அது பெரும்பாடாக இருந்த காலத்தையும், அப்பாட்டை நம் தமிழ் மொழியில், நம் சமுதாயத்திற்காக ஏற்றுக்கொண்ட ஒரு பெருமகனையும் நினைவுகூர்வது நம் கடமையாகும். அன்னார்தாம் இலங்கையின் அறிஞர் முஹம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள்.

அன்னார் 1838ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் கண்டி மாநகரில் பிறந்தார்கள். தந்தையார் இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாக வழக்கறிஞர் தொழிலுக்கு வந்தவர்களில் ஒருவர். அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்த மகனாரும் தந்தை வழியே சென்று, 1862ஆம் ஆண்டில் கண்டி மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞரானார்கள். செல்வமும் செல்வாக்கும் தேடி வந்தன. அந்த வாழ்க்கையோடு நிறைவடைந்திருந்தால் அன்னாரை இன்று நாம் அறிந்திருக்க மாட்டோம்.

அந்நாளைய இலங்கையில் ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிகளின் பொறுப்பில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளைகளின் மார்க்கப் பற்று குலைந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அதன் விளைவாக ஒரு தலைமுறையே எழுத்தறிவிலும் அரசுப் பணியிலும் பின்தங்கி நின்றது. மார்க்கத்தையும் விடாமல், கல்வியையும் இழக்காமல் இருக்க வழி என்ன? இக்கேள்விக்கு விடை காண்பதே அறிஞரின் வாழ்நாள் பணியாயிற்று.

அதற்கு அன்னார் எடுத்த முதற்கருவி அச்சு. 1882ஆம் ஆண்டு டிசம்பரில் முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார்கள். அக்காலத்தில் இதழ் அச்சிடுவது எத்தகைய உழைப்பு என்பதை நம் பகுதியின் மூத்த அச்சுக்கோப்பாளர்கள் அறிவார்கள். ஈய எழுத்துகளை அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாறிய நிலையில் வரி வரியாகக் கோத்து, பிழை திருத்தி, மை தடவி அழுத்த வேண்டும். அச்சானபின் அதே எழுத்துகளைப் பிரித்து மீண்டும் அவற்றின் அறைகளில் இட வேண்டும். இருபத்தாறு எழுத்துள்ள ஆங்கிலத்தைக் காட்டிலும் உயிர்மெய் வரிசைகள் நிறைந்த தமிழில் இவ்வேலை பன்மடங்கு. இதனை வாரந்தோறும், படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த ஒரு சமுதாயத்திற்காகச் செய்தார்கள் என்பதே வியப்பு.

இதழ் தொடங்கிய அடுத்த மாதமே, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற எகிப்தியத் தலைவர் அஹ்மத் உராபி பாஷா இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்து சேர்ந்தார்கள். அறிஞருக்கும் பாஷாவுக்கும் இடையே நட்பு மலர்ந்தது. கண்டியில் இருந்தபடியே உலக முஸ்லிம்களின் நிலையைத் தமிழ் வாசகர் அறிய முஸ்லிம் நேசன் ஒரு சாளரமாக விளங்கியது. 1887ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் சிங்கை நேசன் என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார்கள். கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் அச்சுத்துறையில் முன்னடி எடுத்து வைத்த காலம் அது.

1885ஆம் ஆண்டில் அறிஞர் எழுதிய அசன்பேயுடைய சரித்திரம் வெளிவந்தது. எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டு, பம்பாயில் வளரும் ஒருவனின் கதை அது. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளியாகி ஆறே ஆண்டுகளில் வந்த இந்நூல், இலங்கையின் முதல் தமிழ் நாவலாக மதிக்கப்படுகிறது.

எழுதினால் மட்டும் போதுமா? படிப்பதற்கு ஆள் வேண்டுமே! எனவே 1884ஆம் ஆண்டில் கொழும்பு புதுச் சோனகத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். போதிய ஆதரவின்றி அது நிலைக்கவில்லை. சமுதாயத்தின் உள்ளிருந்தே எதிர்ப்பும் எழுந்தது. அறிஞர் மனம் தளரவில்லை. கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் அவர்களும் உராபி பாஷா அவர்களும் துணை நிற்க, 1892ஆம் ஆண்டில் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி மீண்டும் ஒரு மதரஸா எழுந்தது. அதுவே இன்று ஸாஹிராக் கல்லூரியாகப் புகழ்பெற்று விளங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் கண்டியில் பெண்மக்களுக்கெனவும் ஒரு பள்ளியை அறிஞர் தொடங்கியிருந்தார்கள். பெண் கல்வியைப் பேசவே தயங்கிய காலத்தில் செய்த செயல் இது.

1898ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், அறுபது வயது நிறையும் முன்பே அன்னார் இறையடி சேர்ந்தார்கள். 1977இல் இலங்கை அரசு அஞ்சல் தலை வெளியிட்டு அன்னாரைச் சிறப்பித்தது.

வாசகப் பெருமக்களே! அறிஞருக்கு அச்சு அரிதாக இருந்தது. நமக்கோ அது அண்டை வீட்டுத் தொழில். ஆனால் அச்சகத்திலும் பட்டாசுத் தொழிலிலும் கிடைக்கும் வாரச் சம்பளத்தை எண்ணிப் பத்தாம் வகுப்போடு பிள்ளையை நிறுத்திவிடும் வழக்கம் நம் வட்டாரத்தில் முற்றும் நீங்கிவிட்டதா? குடும்பத்தின் தேவை உண்மையானதுதான். எனினும் பிறர் படிக்கும் புத்தகத்தை அச்சடித்து அடுக்கும் பிள்ளை, தானும் அதைப் படிக்க வேண்டாமா? முதற்பள்ளி தொடங்கி எட்டாண்டுகளுக்குப் பின் மறுபள்ளி கண்ட அறிஞரின் பொறுமை நம் ஜமாஅத்தாருக்கும் பெற்றோருக்கும் வாய்க்கட்டும். அன்னாரின் நற்பணிகளை வல்ல அல்லாஹ் ஏற்றருள்வானாக! ஆமீன்.