பெருங்குளத்துச் சிறுமியும் டோனாவூர் அம்மாவும்

ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு வடக்கே, தாமிரபரணி ஆற்றைக் கடந்து போனால் பெருங்குளம் என்ற ஊர் வரும். அந்த ஊரிலிருந்து 1901-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு நாள் மாலை ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடினாள். அவள் பெயர் பிரீனா.

தந்தையை இழந்த பெண் அவள். அவளைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதற்காகத் தாசி வீட்டில் விட்டிருந்தார்கள். முன்பும் ஒரு தடவை அவள் தப்பினாள். தூத்துக்குடி வரை நடந்தே போய்த் தாயைக் கட்டிக்கொண்டாள். தேடி வந்தவர்களுக்குப் பயந்து, பெற்ற தாயே அவள் கைகளை விலக்கிப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். ஓடியதற்குத் தண்டனையாக அந்தப் பிஞ்சுக் கைகளில் சூடு போட்டார்கள்.

இரண்டாம் தடவை அவள் போய்ச் சேர்ந்த இடம் பண்ணைவிளை. மறுநாள் காலை, அங்கே தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மையார் ஒருவரின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். இனி இங்கேதான் இருப்பேன் என்றாள்.

அந்த அம்மையார்தான் ஏமி கார்மைக்கேல்.

அயர்லாந்தில் பிறந்தவர்

1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந்தேதி அயர்லாந்து நாட்டில் பிறந்தவர் ஏமி. கிறிஸ்தவ ஊழியத்துக்காக 1895-ல் இந்தியா வந்தார். தமிழ் கற்றார். சேலை உடுத்தினார். அதன்பின் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

பிரீனாவைத் தேடிப் பெருங்குளத்துப் பெண்கள் வந்தார்கள். அம்மையார் விட்டுக் கொடுக்கவில்லை. பொட்டுக் கட்டும் வழக்கத்தில் குழந்தைகள் படும் பாடு அந்தச் சிறுமியின் வாயால்தான் அவருக்கு முழுதும் தெரிந்தது. ஒருத்திக்காகத் திறந்த கதவு பலருக்கும் திறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள டோனாவூர் அவர்கள் வீடாயிற்று. குழந்தையைக் கடத்தினார் என்று குற்றம் சாட்டியவர்களும் உண்டு. கோர்ட்டு வழக்குகளும் வந்தன. அவர் அசையவில்லை.

வந்த நாளே பிறந்த நாள்

அடிபட்ட குழந்தைக்கு முதல் மருந்து புத்திமதி அல்ல, பயமில்லாத ஓர் இடம். இதை டோனாவூர் நடைமுறையில் காட்டியது. அங்கே குழந்தைகளைத் தத்துக் கொடுக்கவில்லை. மறுபடியும் ஒரு கை விட்டு ஒரு கை மாறும் பயம் அவர்களுக்கு இல்லை. கவனிக்க வந்த பெண்களை அக்காள் என்றார்கள். ஏமியை அம்மா என்றார்கள். பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. அதனால் வீட்டுக்கு வந்த நாளையே விழாவாகக் கொண்டாடினார்கள். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்ந்தார்கள்.

இன்றைய மனநல மருத்துவர்கள் சொல்வதும் இதுதான். சிறு வயதில் அடிபட்ட பிள்ளை பதினாலு, பதினைந்து வயதில் சீறும், பொய் சொல்லும், பேசாமல் கிடக்கும். அது திமிர் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது பழைய பயம். நம்மையும் இவர்கள் தள்ளிவிடுவார்களோ என்று அந்தப் பிள்ளை சோதித்துப் பார்க்கிறது. அந்த நேரத்தில் வீட்டை விட்டுப் போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழைய சூடு மறுபடியும் பட்டதாகிவிடும். கண்டிக்கலாம், கைவிடக் கூடாது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஆதரவற்ற பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்க்கும் குடும்பங்கள் மனத்தில் கொள்ள வேண்டிய விஷயம் இது.

கல்லறையில் ஒரே சொல்

1931-ல் அம்மையார் குழியில் விழுந்து கால் முறிந்தது. பிறகு இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கைதான். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதையும் பார்த்துவிட்டு, 1951-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி டோனாவூரில் கண்மூடினார்.

தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்தார்கள். அதில் செதுக்கியது ஒரே சொல்: அம்மா.