26,000 மரணக் குறிப்புகளில் சமூகத்தைப் படித்தவர்: யார் இந்த எமில் துர்கைம்?

எழுமலை பேரூராட்சியில் ஒருவர் இறந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்யணும். பட்டா மாற்ற, இன்சூரன்ஸ் வாங்க அந்தச் சான்றிதழ் தேவை. அதோடு பெரும்பாலும் மறந்துவிடுவோம். ஆனால், மரணக் குறிப்புகளை மொத்தமாக அடுக்கிப் பார்த்தால் சமூகத்துக்குள் என்ன நடக்கிறது என்று புரியும் எனக் காட்டியவர், பிரான்ஸைச் சேர்ந்த எமில் துர்கைம்.

1858-ல் எபினால் நகரில் பிறந்தார். அப்பா, தாத்தா எல்லாம் யூத மதகுருமார்கள். பாரிஸுக்குப் படிக்கப் போன இவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார். கல்லூரியில் கிடைத்த நெருங்கிய நண்பர் விக்டர் ஓமே 1886-ல் இறந்துபோனார். அது தற்கொலை என்றே பலரும் கருதுகிறார்கள். துர்கைமை இந்த ஆய்வுக்குள் தள்ளியது அந்த இழப்புதான் என்பது சிலரின் ஊகம்.

1887-ல் போர்தோவில் பேராசிரியர் வேலை. பிரான்ஸ் நீதித்துறை அமைச்சகத்தில் தற்கொலைக் குறிப்புகள் குவிந்து கிடந்தன. கம்ப்யூட்டர் ஏது, எக்செல் ஏது? இருபதுகளில் இருந்த அக்கா மகன் மார்செல் மோஸ்தான் உட்கார்ந்து, சுமார் 26,000 குறிப்புகளை வயது, பாலினம், திருமணம், குழந்தைகள் என்று கையாலேயே பிரித்தார். (மாமாவின் புத்தகத்துக்கு மருமகன் பட்ட பாடு!)

1897-ல் புத்தகம் வந்தது. தனித்தனி மரணத்துக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆனால், ஒவ்வொரு நாட்டிலும் விகிதம் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. குடும்பம் இருந்தவர்களிடம் குறைவு. போர்க்காலத்தில் குறைவு. பணநெருக்கடியில் கூடியது சரி, திடீர் வளர்ச்சியிலும் கூடியதுதான் ஆச்சரியம். மனிதரைச் சமூகத்தோடு கட்டிவைத்திருக்கும் உறவு தளர்வதும், சில இடங்களில் அளவுக்கு மீறி இறுகுவதும்தான் இதற்குக் காரணம் என்றார்.

முதல் உலகப் போரில் மகன் ஆந்த்ரே இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து துர்கைம் மீளவில்லை. 1917-ல், 59 வயதில் காலமானார்.

பின்னால் வந்தவர்கள் கேட்ட கேள்வி முக்கியமானது: குறிப்பை எழுதியது யார்? கத்தோலிக்கப் பகுதிகளில் எண்ணிக்கை குறைவு என்றார் துர்கைம். மத அவமானத்துக்குப் பயந்து மறைத்திருந்தால்? நம் ஊரிலும் போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைப்பது உண்டு. எத்தனை செய்திகளில் ‘தீராத வயிற்றுவலி’ என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறோம், எங்களையும் சேர்த்துத்தான்.

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக் குழுவினர் வேறு வழியில் போனார்கள். சுகாதாரப் பணியாளர்கள் மூலம் மரணங்களைத் தொடர்ந்து பதிவு செய்து, குடும்பத்தாரிடம் விசாரித்துக் காரணத்தைக் கண்டறிந்தார்கள். 1994 முதல் 1999 வரை தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 95. அரசுக் கணக்கில் அப்போது தேசிய சராசரி 11-ஐ ஒட்டித்தான் இருந்தது.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களைத் தனியாகப் பார்த்தபோது, பையன்களிடம் லட்சத்துக்கு 58, பெண்பிள்ளைகளிடம் 148. துர்கைம் பார்த்த ஐரோப்பாவில் ஆண்களின் எண்ணிக்கைதான் பல மடங்கு அதிகம்.

(மனசு பாரமாக இருந்தால் பேசுங்கள்: டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104.)